யார் கை முழம்

எனக்குக் கோபம் வரும். ஊரில் எல்லாருக்கும் தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டு மலையில் எங்கள் வாழவந்திக்கு வந்து பொன்னுவேல் வீடு எது என்று கேட்டால், "சத்தம் கேக்குற ஊடுங்க" என்றுதான் கை காட்டுவார்கள். ஆனால் அந்தச் சத்தத்தில் பாதிக்கு நான் பொறுப்பில்லை. என் பெண்டாட்டி கண்ணம்மாள்தான் பொறுப்பு.

சமையலறை வாசல் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குப் பொங்கல் என் கையாலேயே அதற்கு நீல பெயிண்ட் அடிப்பேன். மாசி பிறப்பதற்குள் இடது பக்க நிலைக்காலில் ஒரு கறை வந்துவிடும். உள்ளங்கை அகலத்துக்கு, எண்ணெய்ப் பிசுக்கோடு. அந்த நிலைப்படி நாலு விரல் உயரம். கண்ணம்மாள் அதைத் தாண்டும்போதெல்லாம் அந்த நிலைக்காலைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவாள். தாளித்த கை, மாவு பிசைந்த கை, எந்தக் கையாக இருந்தாலும் அந்த இடத்துக்குத்தான் போகும். "கை வெக்காம தாண்டுனா உழுந்தா போயிருவ?" என்று முப்பத்தோரு வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். "சரிங்க, இனிமே வெக்கல" என்பாள். அடுத்த நிமிடம் வைப்பாள்.

கடைசியில் அவள் விழுந்தது பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாத இடத்தில்.

ஐப்பசி மழை. எங்கள் பாத்ரூம் வீட்டுக்குப் பின்னால், முற்றத்தைத் தாண்டி இருபதடி தள்ளி இருந்தது. காலை ஆறு மணிக்கு மூடுபனியில் பாசி பிடித்த கல்லில் கால் வைத்திருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள்.

பாத்ரூமை வீட்டுக்குள் கொண்டுவாங்க என்று பத்து வருடமாகக் கேட்டவள் அவள். "சோறாக்குற எடத்துக்குப் பக்கத்துலயா கக்கூசு? எங்கப்பன் பாட்டன் செஞ்சாங்களா?" என்று அவள் வாயை அடைத்தவன் நான். எங்கப்பனும் பாட்டனும் செல்போன்கூடத்தான் வைத்திருக்கவில்லை. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் விழுந்தது என்னால்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் மகள் கீர்த்திகா கல்யாணமாகிச் சேலத்தில் ஒரு மூன்றாவது மாடியில் இருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, பன்னெண்டு நாள்ல டிஸ்சார்ஜ் பண்றாங்க. பாத்ரூம் ஊட்டுக்குள்ளயே இருக்கோணும், செவுத்துல கைப்பிடி இருக்கோணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இல்லீன்னா அம்மா எங்கூடத்தான் இருக்கும்."

"எத்தன நாளைக்கு கண்ணு?"

"எத்தன நாளைக்கா? நீங்க பாத்ரூமை அந்த முத்தத்துலயே வெச்சிருந்தீங்கன்னா எப்பவுமேதான்."

கோபம் வந்தது. பெற்ற பெண்ணைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவள் சொன்னது நியாயம். ஆனால் கண்ணம்மாள் மலையை விட்டுத் தொடர்ந்து நாலு நாள் இருந்தவள் இல்லை. சேலத்துச் சூட்டில் இறங்கினாலே அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. நான் மட்டும் என்ன? என் டீயில் எத்தனை கரண்டி சர்க்கரை என்பதுகூட அவளுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. அவள் இல்லாமல் அந்த வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது. பன்னிரண்டு நாளில் பாத்ரூம் வரவில்லையென்றால் அவள் வரமாட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

கண்ணம்மாளின் தம்பி காளியண்ணன், ஏற்காட்டில் ஓட்டல் பாத்ரூம்களுக்கெல்லாம் டைல்ஸ் போடுகிறவன். வாய் காது வரைக்கும். வேலை சுத்தம். இரண்டாவதை நான் அவனிடம் சொன்னதில்லை. மறுநாளே வந்து, சமையலறையை ஒட்டி மிளகு மூட்டை போட்டுவைக்கும் அறையைச் சுற்றிப் பார்த்தான். அந்த அறைக்குக் கல் சுவர் கிடையாது. சில்வர் ஓக் மரக்கால்களை வரிசையாக நட்டு, மேலே பலகை அடித்தது.

"செங்கல்லு வெச்சுப் பூசுனா இந்த மழைக்குப் பொங்கல் வந்தாலும் காயாதுங்க மாமா," என்றான். "பலகையக் கழட்டிட்டு இதே கால் மேல சிமெண்ட் போர்டு அடிச்சிரலாம். அது மேல டைல்ஸ ஒட்டிரலாம். பத்தே நாளு."

மாதிரிக்கு ஒரு துண்டு கொண்டுவந்திருந்தான். வாங்கிப் பார்த்தேன். விரல் கனம்கூட இல்லை.

"ஏண்டா மாப்ள, இது அட்டைடா. அட்டை மேல எவனாச்சும் டைல்ஸ் ஒட்டுவானா? ரெண்டு வாளி தண்ணி ஊத்துனா பால்ல போட்ட பன்னு மாதிரி ஊறிரும்."

"அட்டை இல்லீங்க மாமா, போர்டு. பூராச் சிமெண்டு." அந்தத் துண்டைத் தண்ணீர் அண்டாவில் போட்டான். "நாளைக்கு எடுத்துக் கடிச்சுப் பாருங்க."

மறுநாள் எடுத்தேன். போட்டது போட்டபடியே இருந்தது. கடிக்கவில்லை. அவன் அந்தப் பக்கம் திரும்பியபோது நகத்தால் கீறிப் பார்த்தேன், நகம்தான் தேய்ந்தது.

சாயங்காலம் கண்ணம்மாளுக்குப் போன் செய்து, "உந்தம்பி பாத்ரூமுக்குள்ள அட்டை போடறாண்டி" என்றேன்.

"ஏனுங்க, தோட்டத்துல அது கால்ல ஏறி ரத்தம் குடிக்கறது பத்தாதுன்னு ஊட்டுக்குள்ளயே கொண்டாந்து உடறீங்களா?" என்றாள். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மழைக்காலத்தில் காப்பிச் செடிக்கு அடியில் காலைப் பிடிக்கிற அட்டையைச் சொல்கிறாள். இடுப்பில் கம்பியோடு படுத்துக்கொண்டு அவளுக்கு இந்த வாய். "சிரிச்சா வலிக்குதுங்க, வெச்சிருங்க" என்று அவளே வைத்துவிட்டாள்.

முதல் மூன்று நாள் தரைக்கும் தண்ணீர் போகிற குழாய்க்கும் போயிற்று. நாலாம் நாள் போர்டு ஏறியது. காளியண்ணன் ஒவ்வொரு காலுக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, பின்னால் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, போர்டைத் தரையிலிருந்து ஒரு விரல் தூக்கி நிறுத்தினான். துருப்பிடிக்காத ஸ்குரூ, சாணுக்கு ஒன்று. எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. ஒரு போர்டை இன்னொரு போர்டோடு நெருக்கித் தள்ளினேன். எங்கள் பக்கம் பலகை வேலை என்றால் சந்தில் எறும்பு நுழையக்கூடாது. அவன் அதைப் பிரித்து, நடுவில் ஒரு தீக்குச்சியைச் செருகினான்.

"இத்தன இடைவெளி இருக்கோணுமுங்க மாமா. நெருக்கி வெச்சா ஒண்ணோட ஒண்ணு முட்டி டைல்ஸ் வெடிச்சிரும். நீங்களும் எங்கக்காளும் மாதிரி."

"உன் வேலையப் பாருடா."

பிறகு அந்தச் சந்திலெல்லாம் டைல்ஸ் பசையை அடைத்து வலைத்துணி நாடா ஒட்டினான். இரண்டு சுவர் முடிந்தது. மூன்றாவது சுவருக்கு வந்ததும் நின்றான்.

"இங்கதான் கைப்பிடி. எத்தன ஒசரத்துல வரோணும்?"

"மூடிட்டுப் பாத்துக்கலாம், அடிடா."

"அய்யோ மாமா, போர்டு டைல்ஸத் தாங்கும், ஆளத் தாங்காது. கைப்பிடி வர்ற எடத்துல இப்பவே ரெண்டு காலுக்கும் நடுவுல குறுக்குக்கட்டை அடிச்சாத்தான் ஆச்சு. மூடிட்டா அப்பறம் கட்டையத் தேடிக் குறிசொல்றவன்கிட்டத்தான் போவோணும்."

கண்ணம்மாளுக்குப் போன் போட்டேன். எழுந்து நின்று சுவரில் கை ஊன்றினால் எவ்வளவு உயரம் வருகிறது, அளந்து சொல் என்றேன்.

"அளக்கறதுக்கு இங்க என்னங்க இருக்குது? சித்த இருங்க." அவள் எழுந்திருக்கிற முனகல் கேட்டது. வாக்கர் தரையில் உரசியது. நர்ஸ் யாரோ அதட்டினார்கள். ரொம்ப நேரம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். "ரெண்டு முழமுங்க. குனிய முடியல, பக்கத்துக் கட்டில்காரம்மாவ எங்கைலிருந்து தரை வரைக்கும் ஒரு கயித்தப் புடிக்கச் சொல்லி, அதுல நானே கைய வெச்சுப் பாத்தேன். சரியா ரெண்டு முழம்."

நான் தரையில் முழங்கையை ஊன்றி, நடுவிரல் நுனிக்கு ஒரு கோடு. அங்கே முழங்கையை வைத்து இன்னொரு கோடு. இரண்டு முழம். காளியண்ணன் டேப் வைத்தான். முப்பத்தொன்பது அங்குலம் என்று பென்சிலால் மரக்காலில் எழுதினான். எழுதிவிட்டு நெற்றியைச் சுருக்கினான்.

"கொஞ்சம் ஒசரமாத் தெரியலீங்களா? அக்கா கட்டையாத்தான இருக்கும்?"

"ஏண்டா, எம்பொண்டாட்டி ஒசரம் எனக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருசமா நீயா அவகூடக் குடும்பம் நடத்துன?"

அவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். அரையடி அகலத்தில் ஒரு சில்வர் ஓக் கட்டையை அந்தக் கோட்டுக்கு நடுவாக அடித்தான். மேலே போர்டு வந்தது. அதற்கு மேல் தண்ணீர் இறங்காத பூச்சு இரண்டு தடவை. அப்புறம் வெள்ளை டைல்ஸ். எட்டாம் நாள் முடிந்தபோது அந்த மிளகு அறை ஆஸ்பத்திரி மாதிரி பளபளத்தது. சேர்வராயன் சாமி சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அதற்குள் செருப்போடு போகக் கூச்சமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை கைப்பிடி மாட்ட வேண்டியது. காளியண்ணன் டைல்ஸில் ஓட்டை போடுகிற ஊசியை எடுத்துவர வண்டிக்குப் போயிருந்தான். நான் கைப்பிடியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஈரக் காலோடு சமையலறை வாசலைத் தாண்டினேன். நிலைப்படியில் கால் வழுக்கியது. சட்டென்று இடது கையால் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக நான் அதைப் பிடிக்கிறேன்.

கையைப் பார்த்தேன். கண்ணம்மாளின் கறை என் கைக்குக் கீழே இருந்தது. நல்லா கீழே.

டேப்பை எடுத்து அளந்தேன். கறையின் நடு, தரையிலிருந்து முப்பத்திரண்டு அங்குலம். இன்னொரு தடவை அளந்தேன். முப்பத்திரண்டேதான்.

ரெண்டு முழம். அவள் கைக்கு ரெண்டு முழம்! அவள் கை குட்டைக் கை. என் கை நெட்டைக் கை, எனக்குச் சட்டை தைக்கிற டெய்லரே சலித்துக்கொள்வார். ஏற்காட்டுச் சந்தையில் பூ வாங்கும்போதெல்லாம், "உன் கை முழமா, எங்கை முழமா, அதச் சொல்லு மொதல்ல" என்று பூக்காரம்மாவிடம் ரோட்டில் நின்று மல்லுக்கட்டுகிறவன் நான். அந்த நான், பெண்டாட்டி வலியோடு எழுந்து நின்று சொன்ன அளவில், யார் கை முழம் என்று கேட்கவில்லை.

போன் செய்து சரிபார்க்கவும் இல்லை. எதற்கு? அந்த உயரத்தை அவள் முப்பத்தோரு வருடமாக நிலைக்காலில் எழுதிவைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான்தான் பொங்கலுக்குப் பொங்கல் பெயிண்ட் அடித்து அழித்துக்கொண்டிருந்தேன்.

காளியண்ணன் ஊசியோடு வந்தான். விஷயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டான். உள்ளே இருக்கிற கட்டை முப்பத்தாறு அங்குலத்துக்குக் கீழே இல்லை.

"மாமா, கட்டையோட அடி ஓரமாப் பாத்து மாட்டிரலாம். ஒரு அஞ்சங்குலந்தான் வித்தியாசம் வரும். போகப் போகப் பழகிக்கும்."

"பழகிக்குமா?" எனக்கு வந்ததே ஒரு கோபம். "ஒடைஞ்ச இடுப்ப வெச்சுக்கிட்டு, ஈரத் தரையில, தோளத் தூக்கிட்டு அவ தொங்கோணுமா? மறுபடியும் உழுந்தா நீ வந்து தூக்குவியா? இத்தன வருசமா நான் சொன்னதுக்கெல்லாம் அவ பழகுனது போதும்டா!"

சுத்தியலை எடுத்து நானே ஓங்கி அடித்தேன். டைல்ஸ் நொறுங்கியது. இரண்டாவது அடி போர்டில் விழுந்தது. ஒரு பள்ளம் விழுந்ததே தவிர உடையவில்லை. இன்னும் ஓங்கி அடித்தேன். கை விண்ணென்று வலித்தது.

"அட்டைன்னீங்களே மாமா," என்றான் அந்தப் பயல், மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டே. "ஒடைங்க பாக்கலாம்."

அப்புறம் அவனே என்னைத் தள்ளிவிட்டு மெஷினை எடுத்தான். நாலு டைல்ஸ் போயிற்று. போர்டை இரண்டு பக்கமும் மரக்காலின் நடு வரைக்கும் அறுத்து எடுத்தான், புதுத் துண்டுக்கு ஸ்குரூ பிடிக்க மரம் வேண்டுமாம். முப்பத்திரண்டு அங்குலத்தில் புதுக்கட்டை. மேலே புதுப் போர்டுத் துண்டு, நாலு ஓரமும் தீக்குச்சி இடைவெளி, பசை, நாடா, பூச்சு. இந்தத் தடவை தீக்குச்சிகளை நானே செருகினேன்.

வெள்ளை டைல்ஸ்தான் மிச்சம் இல்லை. கடையில் வருவதற்கு ஒரு வாரம் என்றார்கள். காளியண்ணனின் வண்டியில் ஏதோ ஓட்டல் சமையலறைக்குப் போட்டு மீந்த நாலு டைல்ஸ் கிடந்தன. ஆரஞ்சு, அன்னாசி, திராட்சை, இன்னொரு ஆரஞ்சு. வெள்ளைச் சுவரின் நடுவில் அதை ஒட்டினோம். பதினோராம் நாள் கைப்பிடியை முடுக்கியதும், என் எழுபத்தெட்டு கிலோவையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. குனிந்துதான் தொங்க வேண்டியிருந்தது. அது எனக்கு நொம்பத் திருப்தியாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கார் வந்தது. கண்ணம்மாள் இளைத்துப்போயிருந்தாள். முகத்தில் மட்டும் பழைய சிரிப்பு. இறங்கியதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பாடா, குளுருது" என்றாள். கீர்த்திகா, அம்மாவின் துணிப்பையைக் காரிலேயே வைத்துவிட்டாள்.

"பைய எறக்கல," என்றாள் என்னிடம். "அம்மா உள்ள போயிட்டு வரட்டும். வசதிப்படலீன்னா இப்பவே திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

கீர்த்திகா ஒரு பக்கமும் காளியண்ணன் ஒரு பக்கமும் தாங்கி, சமையலறை நிலைப்படியைத் தாண்டவைத்துக் கூட்டிப் போனார்கள். பாத்ரூம் வாசலில் அவர்கள் கையை உதறிவிட்டாள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். வாக்கர் சத்தம் நின்றது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. என் காது இரண்டும் கதவில்தான் இருந்தது. பதினெட்டு வயதில் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படி நின்றதில்லை.

தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. அப்புறம் அவள் குரல்.

"ஏனுங்க! பாத்ரூமுக்குள்ள என்னுங்க இது, பழக்கடை?"

"அதெல்லாம் அப்பறம் சொல்றேன்! கைப்பிடி எப்படியிருக்குது?"

வாக்கர் நகர்கிற சத்தம் கேட்டது.

"இருட்டுல தேடுனாலும் கெடைக்கும்போல இருக்குதுங்க," என்றாள். குரல் மாறியிருந்தது. "ரெண்டு முழம்னு சொல்லிப்போட்டு, அய்யோ, இந்த மனுசன் அவரு கைலதான அளந்திருப்பாருன்னு ஒரு வாரமா ஒறக்கமே இல்ல. சொன்னா ஒடைச்சுப் போட்டுக் குதிப்பீங்களேன்னு சொல்லல."

"ஒடைச்சுப் போட்டுத்தான்க்கா குதிச்சாரு," என்றான் காளியண்ணன்.

உள்ளே அவள் சிரிக்கிறது கேட்டது. அப்புறம், "கீர்த்திகா கண்ணு, காருல பை இருக்குதல்ல? எறக்கி உள்ள வெய்யி" என்றாள். கீர்த்திகா என்னைப் பார்த்தாள். முறைப்பதுபோல ஆரம்பித்து முறைக்க முடியாமல் காருக்குப் போனாள்.

கண்ணம்மாள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். தாங்கப் போன என்னிடம், "நானே வர்றேன், தள்ளுங்க" என்றாள். சமையலறையைக் கடந்து நிலைப்படிக்கு வந்தாள். வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். இப்போது காலைத் தூக்க வேண்டும். அவள் கை தானாக நிலைக்காலுக்குப் போனது.

பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்தாள். கையைப் பின்னுக்கு இழுத்துப் புடவையில் துடைத்தாள்.

"ஈரக் கைங்க," என்றாள். "கறையாயிரும்."

நான் நிலைக்காலைக் காட்டினேன்.

"புடி," என்றேன்.

"இல்லீங்க, பெயிண்டு..."

"புடிங்கிறேன்ல!" என்று கத்தினேன். காருக்குப் போன கீர்த்திகா பையோடு ஓடி வந்துவிட்டாள். கத்தும்போதே என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"பாத்தியா கண்ணு உங்கப்பன," என்றாள் கண்ணம்மாள். "வெச்சாலும் சத்தம், வெக்காட்டியும் சத்தம்." சொல்லிக்கொண்டே ஈரக் கையை அந்தக் கறையின் மேல் அழுத்திப் பிடித்து, நிலைப்படியைத் தாண்டி வந்தாள்.